பருத்திக் குண்டிகையும் ஒரு பொம்மை விமானமும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கடந்த 20 ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த அந்நூலில் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று உவமை காட்டித் தரம் பிரிக்கும் இடம் வந்தால் வகுப்பு கலகலத்துவிடும். 'நீதான்டா எருமை', 'அவன் பன்னாடை சார்' என்று கடைசி வரிசையிலிருந்து குரல்கள் வரும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அதே பாயிரத்தில் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்காய் நிரப்பிய குடம், மடல் நிறைந்த பனை, பருத்தி அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை. இவற்றைத் தேர்வுக்கு வரக்கூடிய ஐந்து மதிப்பெண் வினா என்ற அளவில் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிடுவது என் வழக்கம். இந்த நான்கில் நான் எது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அக்கேள்வி எனக்கு ஒரு பொம்மை விமானத்தின் வழியாக வந்து சேர்ந்தது.

நான் குடியிருப்பது அமராவதி நகர். உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே போகும் சாலை மலையடிவாரத்தை நெருங்கும் இடத்தில் இருக்கிறது. 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையும், 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியும்தான் இந்த ஊருக்கு முகவரி. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவை மாவட்டத்திலிருந்து அதற்கு மாறிக்கொண்டோம். மலையைப் பார்த்தபடி வாழ்ந்தாலும், எங்கள் பக்கத்துப் பிழைப்பு வடக்கே திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நோக்கியே இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், எனக்கு விமானம் விடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் என்பதுதான்.

ஆனால் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. என் மகனிடமிருந்து தொடங்குகிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவனுக்கு 12 வயது. ரேடியோவால் இயக்கும் சிறு விமானம் ஒன்று வேண்டும் என்று ஓராண்டு கேட்டுக்கொண்டே இருந்தான். உண்டியல் காசும் என் தீபாவளி போனஸும் சேர்ந்து, ஃபோமால் செய்த ஒரு விமானம் வீட்டுக்கு வந்தது. எங்கே போய் விடுவது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சற்றுத் தொலைவில் உள்ள ஒரு நகரத்தில் இதில் ஆர்வமுள்ளவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே அழைத்துப் போனேன். மைதானத்தில் பெரிய விமானங்கள் நின்றன. விலையுயர்ந்த டிரான்ஸ்மிட்டர்கள், மடக்கு நாற்காலிகள், குளிர்க்கண்ணாடிகள். எங்களை யாரும் விரட்டவில்லை. யாரும் 'வாங்க' என்றும் சொல்லவில்லை. ஒருவர் எங்கள் விமானத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதுல கத்துக்க முடியாது' என்றார். இன்னொருவர், 'சும்மா விட்டுப் பாரு தம்பி' என்றார்.

விட்டான். எழுந்த விமானம் நான்கு நொடிகள் பறந்திருக்கும். இடப்பக்கம் சாய்ந்தது, அவன் பதற்றத்தில் குச்சியை மேலும் இழுத்தான், வேகம் இழந்து சுழன்று மூக்குக் குத்தி விழுந்தது. மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒருகாலத்தில் விழுந்தவர்கள்தாம். ஆனால் அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். புது இடத்தில் கூச்சத்தோடு நிற்பவன், அங்கிருப்பவர்களோடு சேர்ந்துகொள்வதற்காகச் சிரிக்கும் சிரிப்பு அது. மகன் தனியாக நடந்து போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. விமானம் பரணுக்குப் போனது. அதன்பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து அது இறங்கியது. எறிய மனம் வரவில்லை. மாணவர் ஒருவர் தன் உறவினர் இதையெல்லாம் ஒட்டிக் கொடுப்பார் என்று சொல்ல, திருப்பூரில் அந்த மெக்கானிக்கின் வீட்டைத் தேடிப் போனேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தபோது இந்தக் கலையைக் கற்றவர். 1948இல் தொடங்கிய என்சிசியில் 1950இல் விமானப் பிரிவு வந்தது. மாதிரி விமானம் செய்வதும் விடுவதும் அதன் பயிற்சியில் உண்டு. அவர் கற்றது கம்பியில் கட்டி வட்டமாகச் சுற்றவிடும் பழைய வகை. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் கட்டைவிரல் அளவு எஞ்சின். 'சட்டையெல்லாம் விளக்கெண்ணெய் நாத்தம் சார், அம்மா வீட்டுக்குள்ள விடாதுங்க' என்று சொல்லிச் சிரித்தார்.

உடைந்த விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்ன விலை என்றோ, எங்கே வாங்கியது என்றோ கேட்கவில்லை. 'விழுந்தப்ப யார் கையில இருந்துச்சுங்க?' என்றார். மகன் கையில் என்றேன். 'பக்கத்துல யார் நின்னாங்க?' என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சூடான பசையும் மூங்கில் குச்சியும் வைத்து மூக்கை ஒட்டினார். ஒட்டிய பிறகு இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தார். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி விரல் வைத்தால் விமானம் சமமாக நிற்க வேண்டும். எங்களுடையது வால் பக்கம் தாழ்ந்தது. 'பையன் மேல தப்பில்லீங்க சார். வால் கனமா இருந்தா நான் விட்டாலும் இது விழும். விடறதுக்கு முன்னால யாராச்சும் இதப் பாத்திருக்கோணும்' என்றார். அந்த மைதானத்தில் அத்தனை பேர் நின்றோம். ஒருவரும் இரண்டு விரல்களை வைத்துப் பார்க்கவில்லை.

மகனை அழைத்தேன், வரவில்லை. படிப்பு இருக்கிறது என்றான். நான் மட்டும் போகத் தொடங்கினேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால், அவனுக்காக என்று சொல்வது பொய்யாகிவிடும். எனக்கே பிடித்துப்போனது.

எங்கள் மைதானம் அமராவதி நகரில் இல்லை. அணை, பள்ளி, காடு மூன்றுக்கும் பக்கத்தில் எதையும் பறக்கவிடக் கூடாது என்பது அவர் கற்பித்த முதல் பாடம். 2021 ஆகஸ்டில் டிரோன் விதிகள் வந்த பிறகு அந்தப் பாடத்திற்கு ஒரு வரைபடமும் சேர்ந்துகொண்டது. பொழுதுபோக்குக்கும் கல்விக்குமான மாதிரி விமானங்களை அவ்விதிகள் தனி வகையாக வைத்துள்ளன. கண்பார்வைக்குள்ளேதான் விட வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. வரைபடத்தைப் பார்க்காமல் புதியவர் யாரும் எங்களிடம் குச்சியைத் தொடுவதில்லை. வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, உரியவரின் அனுமதியோடு ஒரு தரிசு நிலத்தில் ஞாயிறு விடியலில் கூடுகிறோம்.

விடியலில் என்பதற்குக் காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்றுக்குப் பெயர் பெற்ற சீமை எங்களுடையது. உடுமலையைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 700 கிராம் ஃபோம் விமானம் எம்மாத்திரம்? ஆனி, ஆடியில் புதியவர்களுக்குப் பாடம் கிடையாது. வீட்டில் கணினியில் பழக வேண்டியதுதான். மற்ற மாதங்களில் வெயில் ஏறும் முன் மேற்கு நோக்கி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். விமானம் தெளிவாகத் தெரியும்.

அவருடைய கற்பிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். அது திரும்பி நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். புத்தகங்களில் இதற்கு, நீ விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள் என்று எழுதியிருக்கும். என்னால் நினைக்க முடியவில்லை. அவர் சொன்னார்: 'சார், உங்கள நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியக் கொண்டு போங்க. வாழை சாஞ்சா முட்டுக் குடுக்கறதில்லீங்களா, அப்படி.' வாழைத் தோட்டத்து முட்டுக்கோலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அதன்பிறகு இடவலக் குழப்பம் வராது. சாயும் பக்கம் முட்டுக்கொடு. அவ்வளவுதான்.

சொற்களிலும் ஒரு பாடம் இருந்தது. குச்சியை நம்மை நோக்கி இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலெழும். முன்னால் தள்ளினால் கீழிறங்கும். அதனால் 'மேலே, மேலே' என்று கத்தினால் பதற்றத்தில் இருப்பவர் குச்சியை மேல்பக்கமாகத் தள்ளுவார். விமானம் தரையில் குத்தும். கற்பிப்பவர் சொன்ன சரியான சொல்லே விமானத்தை வீழ்த்திவிடும். ஆகவே அவர் அகராதியில் 'மேலே', 'கீழே' என்ற சொற்களே இல்லை. 'இழு', 'விடு' என்ற இரண்டுதான். கற்றுக்கொள்வோருக்கான விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இருபுறமும் சற்று மேல்நோக்கி விரிந்திருக்கும். உயரம் இருந்தால், குச்சியை விட்டாலே அது தன்னைத்தான் நிமிர்த்திக்கொள்ளும். அதனால் பாதித் தவறுகளுக்கு 'விடு' என்பதே மருந்து. எங்கள் மைதானத்துக்குத் திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடியாக்காரத் தம்பதியின் பையன் ஒருவன் வந்தான். அப்போது அவனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அந்த இரண்டு சொற்களைக் கொண்டே பறக்கவிடப் பழகினான். 20 ஆண்டுகளாகச் சொற்களை விற்றுப் பிழைக்கும் எனக்கு, மாணவன் காதில் அது என்னவாக விழுகிறது என்று யோசிக்கத் தோன்றியதில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது பயிற்சிக் கம்பி. ஆசிரியர் கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், மாணவர் கையில் ஒன்று. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கும். இப்போது கம்பி இல்லாமலும் இணைக்கிறார்கள். ஆசிரியரின் கருவியில் ஒரு சுருள்வில் சுவிட்ச் இருக்கும். அதை விரலால் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் வசம். விரலை எடுத்தால் அந்தக் கணமே ஆசிரியரிடம் வந்துவிடும். நான் இதைத் தலைகீழாகவே எண்ணியிருந்தேன். பிடித்துக்கொள்வது அதிகாரம், விட்டுவிடுவது கொடை என்றல்லவா நம் வழக்கு? இங்கே விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கொடுப்பது. சற்றே அசந்தாலோ, பயந்தாலோ மாணவரிடமிருந்து விமானம் பறிபோய்விடும்.

முதல் மூன்று ஞாயிறுகளில் எத்தனையோ முறை அவர் விரலை எடுத்திருப்பார். ஒருமுறைகூட 'தப்பு' என்று சொன்னதில்லை. விமானத்தை நிமிர்த்தி, உயரத்துக்கு ஏற்றி, 'ம்... இப்ப உங்களுதுங்க' என்று திருப்பித் தருவார். தவறுகள் செய்து மீள்வதற்கு வேண்டிய உயரம் இல்லாமல் ஒருநாளும் தந்ததில்லை. நான்காவது ஞாயிறு தாழ்வாக வரும்போது தவறு செய்தேன். அவர் விரலை எடுப்பதற்குள் விமானம் வேலிக்காத்தான் புதரில் செருகிக்கொண்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் அவர் சொன்னார்: 'என் கை லேட்டாயிடுச்சுங்க சார். வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்.' இருவரும் சேர்ந்து நடந்தோம். அந்த நூறடி தூரத்தில் என் மகன் தனியாக நடந்த தூரத்தை நினைத்துக்கொண்டேன்.

இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு தனிமை இருக்கிறது. அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1871இல் பாரிஸில் முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். தானே நிலைகொண்டு பறந்த முதல் மாதிரிகளுள் ஒன்று அது. 1876இல் ஆள் ஏறிச் செல்லும் விமானம் ஒன்றுக்கு வரைபடம் வரைந்து காப்புரிமையும் பெற்றார். அதைக் கட்டக் கைகொடுக்க யாரும் முன்வரவில்லை. உடல்நலமும் மனமும் நலிந்து 1880இல், 30 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் வடிவமைத்த இன்னொரு ரப்பர் பொம்மை, மேலெழும்பிச் சுழலும் வகை, கடல் கடந்து போயிருந்தது. 1878இல் அமெரிக்காவில் பாதிரியார் ஒருவர் அதை வாங்கிவந்து தம் இரு பையன்களிடம் கொடுத்தார். பொம்மை உடைந்தது. பையன்கள் அதைப் போலவே தாமும் செய்து பார்த்தார்கள். வில்பர், ஆர்வில் ரைட் என்ற அந்தச் சகோதரர்கள் தங்கள் ஆர்வம் அந்தப் பொம்மையிலிருந்து தொடங்கியதாகப் பின்னாளில் சொன்னார்கள். ஒரே பொம்மைதான். செய்தவருக்குத் துணை நிற்க ஆளில்லை; விளையாடியவர்களுக்கு ஒரு தந்தை இருந்தார்.

பிறகு எங்கள் மைதானத்துக்குப் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள். நடிகர் அஜித்குமார் இந்த விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர் என்பதும், 2018இல் குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகரானதும் செய்தியாக வந்தபோது இரண்டு பையன்கள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பொறியியல் மாணவர்கள் வந்தார்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர் மகளோடு வந்தார். மகள் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தவர், இப்போது அவளுக்குப் பேட்டரி தூக்குகிறார். எங்களுக்குச் சங்கம் இல்லை, பலகை இல்லை. மெக்கானிக் தம்பி வாய்மொழியாக வைத்த சில வழக்கங்கள் மட்டும் உண்டு. புதியவரிடம் முதல் நாளே எதையும் வாங்கச் சொல்லக் கூடாது. பழைய விமானத்தைக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, விமானத்தின் பேட்டரியைப் பிறகு இணைக்க வேண்டும். முடிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும். புரொப்பெல்லருக்கு நேரே கை போகக் கூடாது. விமானம் விழுந்தால், விட்டவர் திரும்பி வரும்வரை யாரும் காரணம் சொல்லக் கூடாது. விழுந்த இடத்துக்கு அவரைத் தனியாக அனுப்பக் கூடாது.

இந்தக் கடைசி வழக்கம் கூடப் போகிறவருக்கு எளிது என்று தோன்றும். அப்படி இல்லை. இப்போது சில ஞாயிறுகளில் சுவிட்ச் என் விரலில் இருக்கிறது. பையன் தவறப் போகிறான் என்று தெரிந்ததும் விரல் தானாக விலகத் துடிக்கும். நான் வாங்கி அழகாக இறக்கிக் காட்டலாம், பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். பையன் ஒன்றும் கற்றிருக்க மாட்டான். பருத்திக் குண்டிகையின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பருத்தியை அடைத்த குண்டிகையிலிருந்து எடுக்க முயன்றால் இம்மி இம்மியாகத்தான் வரும். நிறைய வைத்திருந்தும் கொடுக்க மனமில்லாத ஆசிரியர். பருத்தி விளைந்து, நூலாகி, பனியனாகும் சீமையில் பிறந்து, இந்த உவமையை நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். முன்பெல்லாம் மாணவர் செய்யுளை வாய்விட்டு வாசிக்கும்போது சீர் பிழைத்தால் உடனே குறுக்கிட்டு நானே முழுப் பாடலையும் சொல்லிவிடுவேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயரும் உண்டு. அப்படிக் குறுக்கிட்டதும், சில வேளை அதைக் கேலி செய்ததும் எத்தனை பேரை வாய்மூட வைத்தனவோ தெரியாது. ஒரு மாணவி அதன்பிறகு மூன்று ஆண்டுகளும் வாசிக்க எழுந்ததே இல்லை என்பது மட்டும் தெரியும். இப்போது பிழைத்த சீரை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, 'ம், மேலே நீங்கள்' என்கிறேன். விரல் வலிக்கத்தான் செய்கிறது.

மகன் இப்போது சென்னையில் படிக்கிறான். சென்ற பொங்கல் விடுமுறையில், நான் கேட்காமலே, 'நானும் வர்றேன்ப்பா' என்று விடியலில் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டான். மூக்கில் பசைத் தழும்போடு அந்தப் பழைய விமானம் இன்னும் பறக்கிறது. புதியவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம். அதை எடுத்துப் பார்த்தான். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்குவது எதற்கு என்று கேட்டான். சொன்னேன். வால் கனத்தைப் பற்றியும் சொன்னேன். 'அன்னிக்கு நானும் சிரிச்சேன்' என்றேன். 'தெரியும்ப்பா' என்றான்.

மெக்கானிக் தம்பி அவனிடம் டிரான்ஸ்மிட்டரை நீட்டவில்லை. 'கண்ணு, காத்துக்கு எதிரா நின்னு நீ எறிஞ்சு குடு, அப்பா விடட்டும்' என்றார். எறிந்தான். நேராக, அளவாக எறிந்தான். விமானம் மேற்கே மலையின் பக்கம் எழுந்து, திரும்பி எங்களை நோக்கி வந்தது. வலது இறக்கை தாழ்ந்தது. என் கை அசையும் முன் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. 'அந்தப் பக்கம்ப்பா.'

அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டாவது டிரான்ஸ்மிட்டரையும் கம்பியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.